பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் உன் முழங்காலைப் பற்றி நான்கு பக்கம் பதில் எழுதுவாய். ஆகவே நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் மனைவிக்கும் என் அன்பு. இந்தக் கடிதத்தை உனக்கு முன்பே அவள் படித்துவிடுவாள் என்பது தெரியும். இங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலத்தில்தான். அவள் சிரமப்படக் கூடாதே என்று பேச்சையெல்லாம் தமிழிலேயே தந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வருகிறேன், இந்த முறை தங்குவதற்கு. ஆறு வருடமாக நீ “தனியா எதுக்குக்கா கஷ்டப்படறே, இங்க வந்துடு” என்று சொல்லும்போதெல்லாம், எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை இருக்கிறது என்று உன் வாயை அடைத்துவந்தேன். இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்று வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்லும் முன் நானே எழுதிவிடுகிறேன். கொள்கைக்காக விட்டேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி தரும் மையத்தில், மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த அறை என்னுடையது. என்னைக் கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எப்படி வளர்த்தார்களோ அப்படித்தான் நானும் கற்றுக்கொடுத்தேன். கதவைத் தட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், வந்த காரியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். இவ்வளவும் சரியாக வந்தால்தான் பாடம். பாலம் கட்டப் படிக்க வந்த ஒரு நெட்டையன் மூன்று வாரம் வாசலிலேயே நின்று படித்தான். பூச்சி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், எதற்கெடுத்தாலும் அழுவாள், அதனால் அழுகுணி என்று பெயர் வைத்திருந்தேன். அவள் ஒருநாள், தன் துறைப் பேராசிரியர் தன்னை உட்காரச் சொல்ல மறந்துவிட்டதால் அவர் அறையில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்ததாகவும், அவர் பயந்துபோய் அவள் கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டதாகவும் வந்து சொன்னாள். பயிற்சி என்றால் அது.

இந்த நிலையில் மையத்துக்குப் புதிதாக ஒரு தலைவி வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும், எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே கேட்பாள், எதையும் கேட்க மாட்டாள். கற்பிக்கிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் பேச்சுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு. நான் எதற்கு என்று கேட்டேன். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேடம், உங்களுக்கெல்லாம் இது ஒரு விஷயமா” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வு அறை தரைக்குக் கீழே, ஜன்னலே கிடையாது. மாட்டுக்கொட்டில் மாதிரி வரிசையாகத் தடுப்புகள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி முந்தைய ஆளின் சூட்டோடு இருந்தது. ஒரு குரல், “நீங்கள் விரும்பிச் செல்லும் இடத்தைப் பற்றிச் சொல்லவும், நாற்பத்தைந்து வினாடி, பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்” என்றது. பீப் கேட்டது. நான் காலை வணக்கம் சொன்னேன். சொன்னால் எதிராளி பதில் வணக்கம் சொல்ல வேண்டாமா? காத்திருந்தேன். அவசரப்படுத்துவது எனக்குப் பழக்கமில்லை. நாற்பத்தைந்து வினாடி முடிந்துவிட்டது. அடுத்து, ஓர் அறையில் சேர்ந்து தங்கியிருக்கும் இரண்டு பேருக்குச் சண்டை, யார் பக்கம் நியாயம் என்று கேட்டது. முகம் தெரியாதவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவது நாகரிகமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அதற்கடுத்து ஒரு பூங்காவின் படத்தைக் காட்டி வர்ணிக்கச் சொன்னது. படம் அதற்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது, இதில் வர்ணிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் முடிவு வந்தது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை. “அன்றாடத் தேவைகளை எளிய சொற்களில் தெரிவிப்பார். பொறுமையான ஒருவர் துணை இருந்தால் உரையாடலில் பங்கேற்பார்.” இது தம்பி, எனக்கு! மாணவர்களும் எழுதிய அதே தேர்வில் அழுகுணிகூடத் தேறிவிட்டாள், நெட்டையனுக்கு முழு மதிப்பெண். நாற்பத்தைந்து வினாடியும் மூச்சு விடாமல், ஒன்றுமே சொல்லாமல் பேசினானாம்.

தலைவி தலையாட்டிக்கொண்டே இன்னொரு வாய்ப்புத் தந்தாள். நெட்டையனும் அழுகுணியும் எனக்குப் பயிற்சி தருவதாகக் கிளம்பி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள், காத்திருந்தார்கள், அதில் குறை இல்லை. கைக்கடிகாரத்தை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டு அவன் வாயாலேயே பீப் சொன்னான்.

“யோசிக்காதீங்க மேடம். பீப் கேட்டதும் ஆரம்பிச்சிடுங்க. எனக்குக் கடற்கரை பிடிக்கும்னு சொல்லுங்க.”

“நான் கடற்கரைக்குப் போவதே இல்லை.”

“அது மெஷினுக்குத் தெரியாது மேடம்.”

“எனக்குத் தெரியுமே.”

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் கொஞ்சம் சரளம் வந்துவிட்டது, போகாத மலைக்கெல்லாம் போய்வந்தேன். அப்போது அழுகுணி புத்தகத்தைப் புரட்டி, “நீங்க தினமும் பேசற ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க” என்று படித்தாள். நெட்டையன் பீப் சொன்னான். உன் அத்தான் போய் ஆறு வருடமாகிறது. எனக்கு வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை, பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நாற்பத்தைந்து வினாடி ஓடியது. நெட்டையன் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான். அழுகுணி, வழக்கத்துக்கு மாறாக, அழவில்லை. அத்தோடு பயிற்சி முடிந்தது, இரண்டாம் தேர்வுக்கு நான் வரப்போவதில்லை என்று தலைவிக்கு எழுதிக் கொடுத்தேன். கொள்கை என்று மேலே சொன்னது இதைத்தான்.

என் வேலையைச் சான்றிதழ் உள்ள அழுகுணிக்கே கொடுத்துவிட்டார்கள். அதைச் சொல்ல வந்தவள் என் அறை வாசலில் ஒரு மணி நேரம் அழுதாள். நன்றாகச் செய் என்று சொல்லி, கரும்பலகைத் துடைப்பானைக் கையில் கொடுத்தேன்.

ஆகவே முன்னறையை ஒழித்து வை. ஜன்னலோரம் ஒரு மேஜை வேண்டும். கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாது, உன் மனைவி உட்பட. உங்கள் எல்லாருக்கும் நோயற்ற உடம்பையும் கொஞ்சம் ஒழுங்கையும் ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அழுகுணி வந்தாள். தேர்வில் தேறாதவர்கள் கேட்டால் பன்னிரண்டு வாரம் பேச்சு வகுப்பில் இடம் தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். வகுப்பு எடுப்பது அவள். பட்டியலில் பதினேழாவதாக என் பெயரை எழுதியே கொண்டுவந்திருக்கிறாள். “நீங்க பின்னாடி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கும் மேடம். ஆனா இல்லாட்டி அதைவிடப் பயமா இருக்கும்” என்றாள். அவளை எப்படித் தனியாக விடுவது? முன்னறையை ஒழிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். முதல் வகுப்புக்கு முன்பே வீட்டுப்பாடம் வேறு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கேள்வித்தாளிலேயே இரண்டு பிழை. அதைத் திருத்திவிட்டுத்தான் நான் பதில் எழுத முடியும், நேரமில்லை.