அக்கா கொமன் லோ ஆன கதை

டிலானி அக்கா, டிலானி அக்கா, மன்னிச்சுக்கொள். இந்தக் கதையை வெளியில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினனீ. வாங்கினவ போனாப்பிறகும் அந்தச் சத்தியம் செல்லுமோ எண்டு கேக்கிறதுக்கு, சட்டம் தெரிஞ்ச ஒராளும் இப்ப எங்கட வீட்டில இல்லை. அதால எழுதுறன்.

நான் கிரேட் பத்தோட பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது எண்டு அக்கா திருத்துவா.) ரொறன்ரோவில, மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில ரயர் மாத்திற கடையில வேலை. குறையப் படிச்சவனிட்ட ஒரு வருத்தம் இருக்கு. விளங்காததை விளங்கேல்லை எண்டு சொல்லமாட்டான். விளங்கின ரெண்டு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு ஓடுவான். நான் ஓடினன். நல்லா ஓடினன்.

அக்காவுக்கு ஒரு லொறிக் கொம்பனியில ஒஃபிஸ் வேலை. சாமான் முழுக்க எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போறது. எல்லை அலுவல் பாக்கிற மேசைக்கு ஆள் வேணும், அமெரிக்கச் சட்டத்தில ஒரு கோர்ஸ் பாஸ் பண்ணினா அந்த மேசை உனக்குத்தான் எண்டு மனேஜர் சொல்லிப்போட்டார். அஞ்சு வருசமா போன் எடுத்து "கொஞ்சம் பொறுங்கோ" எண்டு மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனுசிக்கு அந்த மேசை மோட்சம். உடன பின்னேர வகுப்பில சேர்ந்திட்டா. பிஸ்னஸ் படிக்கிறவைக்கு, அமெரிக்கச் சட்டம் எங்கயிருந்து வந்தது, எந்தச் சட்டம் பெரிசு, எது சின்னன் எண்டு படிப்பிக்கிற வகுப்பாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது, அக்கா கிழமையில ரெண்டு நாள் பிந்தி வாறா எண்டது மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையால வந்து பேஸ்மென்ற் படியில இருந்து சப்பாத்துக் கழட்டிறன். கீழ அக்கா ஆரோடயோ போனில கதைக்கிறா.

"ஓம் ஓம், கொமன் லோ தான்... இங்கிலண்டில இருந்து வந்தது. வந்தோடன அப்பிடியே பிடிச்சுக்கொண்டிட்டினம்."

என்ர கையில ஒரு சப்பாத்து. மற்றது காலில.

ரொறன்ரோவில கொமன் லோ எண்டா என்னெண்டு எங்கட சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். கலியாணம் கட்டாமல் சேர்ந்து குடும்பம் நடத்திறது. ரக்ஸ் போமில அதுக்கெண்டே ஒரு பெட்டி இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள எங்கட அக்கா! அதுவும் லண்டன் பெடியனோட!

அதோட நான் எழும்பிப் போயிருக்கலாம். போகேல்லை.

"இல்லையடி, லூசியானா மட்டும் கொமன் லோ இல்லை. அது முந்தி பிரெஞ்சுக்காரரோட எல்லே இருந்தது. மற்ற நாப்பத்தொன்பதும் கொமன் லோ தான்."

லூசியானா ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா பாவமாக் கிடந்தது. எங்கட சேர்ச்சில லூசியா எண்டு ரெண்டு அன்ரிமார் இருக்கினம், ஆரின்ரயோ மகளாத்தான் இருக்கும். பிரெஞ்சுக்காரரோட இருந்து போட்டு வந்திருக்கு, பிள்ளை. ஆனா அதைவிட என்னை உலுப்பினது அந்த நாப்பத்தொன்பது. அக்காவின்ர கூட்டாளியள் நாப்பத்தொன்பது பேரோ?

ஒரு சப்பாத்தோட குசினிக்குள்ள போய் அம்மாட்டச் சொன்னன். (நாப்பத்தொன்பதை மட்டும் சொல்லேல்லை. அம்மாவுக்கு பிறஷர்.)

அம்மா அழுவா எண்டு நினைச்சன். அழேல்லை. அடுப்பை நிப்பாட்டினா, கையைத் துடைச்சா, பெரியப்பாவுக்குப் போன் எடுத்தா.

அப்பா இல்லாத எங்கட வீட்டுக்குப் பெரியப்பாதான் கோடும் நீதவானும். ரொறன்ரோவில பார்க்டேல் பக்கம் வந்திறங்கின முதல் ஆக்களில தானும் ஒராள் எண்டதால கனடாச் சட்டம் முழுக்கத் தன்ர சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள எண்டு நினைப்பு. ரூஜ்ஜில இருக்கிற தன்ர வீட்டில இருந்து வியாழக்கிழமை பின்னேரமே வந்திட்டார். வந்து, கதிரையைத் தூக்கி வாசல் கதவோட போட்டு இருந்தார்.

அந்த வியாழன்தான் அக்காவுக்குச் சோதினை. ஏழு மணிக்கு. அரை மணித்தியாலம் பிந்தினா உள்ள விடமாட்டினமாம். இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அக்கா அஞ்சரைக்கு வேலையால வந்தா, ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போவம் எண்டு.

"பிள்ளை, இப்பிடி இரு," எண்டார் பெரியப்பா. "நீ கொமன் லோ எண்டு கேள்விப்பட்டம்."

அக்கா என்னைப் பாத்தா. "இவனே சொன்னவன்? பரவாயில்லையே, காது குடுத்துக் கேட்டிருக்கிறான்!"

"சிரிக்கிறாள் பாருங்கோ," எண்டா அம்மா.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசம் வரும் பெரியப்பா. முதல் சரியான கஷ்டம். இப்ப பிடிச்சுக்கொண்டுது."

"எழுத்தில ஒண்டும் இல்லையோ?"

"எழுத்தில இல்லாததுதானே கொமன் லோ! எழுத்தில இருந்தா அதுக்கு வேற பேர்."

அம்மா மேசையில முழங்கையை ஊண்டினா. பெரியப்பா தண்ணி கேட்டார்.

"அப்ப ஒரு பிரச்சினை எண்டு வந்தா ஆர் பொறுப்பு?"

"நீதவான் தீர்ப்புச் சொல்லுவார்."

"ஐயோ, கோட்டுக்கும் போயிட்டாளே!" எண்டா அம்மா.

அக்கா மணியைப் பாத்தா. பெரியப்பா யன்னல் சீலையை விலத்தி றோட்டைப் பாத்தார். "ஏன் மணியைப் பாக்கிறாய்? வெளியில ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் நிக்கேல்லை. எனக்கு நேரம் போகுது, விடுங்கோ."

"விடேலாது. ஆர் உனக்கு இந்தப் புத்தி சொன்னது?"

"புத்தியோ? இதில புதுசா ஒண்டும் இல்லை பெரியப்பா," மேல் கோடு, கீழ்க் கோடு பற்றி வகுப்பில படிச்சதை அக்கா அப்பிடியே ஒப்புவிக்கிறா, "முந்தி மேல உள்ளவை எப்பிடிச் செய்தினமோ, பின்னால வாற கீழ உள்ளவையும் அதைப் பாத்து அப்பிடியே செய்யோணும். அவ்வளவுதான். எல்லாம் இங்கிலண்டில இருந்து வந்தது."

பெரியப்பாவின்ர முகம் மாறிப்போச்சு. கதிரையில நெளிஞ்சார்.

இங்க ஒண்டு சொல்லோணும். எங்கட பெரியம்மா லண்டனில இருந்து வந்தவ.

"ஆர் உனக்குச் சொன்னது?" எண்டார், சத்தம் குறைஞ்சுபோச்சு. "அது அந்த நேரம், பிள்ளை. ஒரு அறைக்குள்ள எட்டுப் பேர் இருந்தனாங்கள். பேப்பர் இல்லை, சேர்ச்சில கலியாணம் எழுதக் கேட்ட ஒரு துண்டும் எங்களிட்ட இல்லை. பிறகு கட்டுவம் கட்டுவம் எண்டு... அப்பிடியே போச்சு."

அம்மா மேசையை விட்டு எழும்பினா.

"என்ன அத்தான் அப்பிடியே போச்சு?" எண்டா அம்மா. "அப்ப சுவரில கொழுவியிருக்கிற கலியாணப் படம்?"

"அது ஸ்ரூடியோவில எடுத்தது."

அக்கா புத்தகத்தை பாக்கில இருந்து இழுத்து மேசையில போட்டா. "நான் அமெரிக்கச் சட்டம் படிக்கிறன்! லூசியானா ஒரு மாநிலம்! எனக்கு ஏழு மணிக்குச் சோதினை!" எண்டு கத்திப்போட்டு அழத் தொடங்கினா. மணி ஆறே முக்கால்.

அக்காவை என்ர வானில ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன், பின்னுக்கு முழுக்கப் பழைய ரயர். ஒவ்வொரு வளைவிலயும் அதுகள் உருண்டு எங்கட சீற்றில வந்து முட்டுது. ஸ்டீல்ஸ் றோட்டில எல்லா லைற்றும் சிவப்பு. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாடமாக்கிறா: அரசியலமைப்பு, பாராளுமன்றம் மாதிரி அவையின்ர சபை எழுதிற சட்டம், அரசாங்கக் கந்தோரின்ர விதி, நீதவான்மாரின்ர தீர்ப்பு.

"இதில ஆர் பெரிசு?" எண்டு கேட்டன். சமாதானமாப் போவம் எண்ட நினைப்பு.

"அரசியலமைப்பு. அதுக்கு எதிரா மற்றது ஒண்டும் நிக்கேலாது."

"எங்கட வீட்டில அம்மா மாதிரி."

அவ சிரிக்கேல்லை. "இந்த மேசை கிடைக்காட்டி, தம்பி, நான் சாகுமட்டும் அந்தப் போனோடதான்," எண்டா. நான் வானை விரட்டினன். ஒரு சிவப்பு லைற்றை மட்டும் கொஞ்சம் மஞ்சளெண்டு நினைச்சுக்கொண்டன்.

ஏழு இருபத்தாறுக்கு இறக்கிவிட்டன். சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடினா. வாசலில நிண்ட மனுசி மணிக்கூட்டைப் பாத்தா, அக்காவின்ர முகத்தைப் பாத்தா, கதவைத் திறந்தா. நான் பார்க்கிங்கில இருந்து தெரிஞ்ச ஒரேயொரு செபத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னன்.

அறுபத்தெட்டு. பாஸ். மேசையும் கிடைச்சுது. பேர் அடிச்ச பலகை வச்சவை, அதை வீட்ட கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுபோனா.

பெரியம்மா பெரியப்பாவைச் சும்மா விடேல்லை. அடுத்த வைகாசியில சேர்ச்சில கலியாணம். மாப்பிள்ளைக்கு அறுபத்து மூண்டு வயசு, முழங்காலில நிண்டவரை நானும் இன்னொருத்தனும் தூக்கி விட்டனாங்கள். பொம்பிளைக்குத் தோழி, அக்கா. இண்டைக்கும் பெரியப்பா வாயைத் திறந்து ஏதும் சட்டம் கதைச்சா அம்மா விடுறதில்லை: "அத்தான், உது எழுத்தில இருக்கோ, ஸ்ரூடியோவில எடுத்ததோ?"

அந்த மேசையில அக்கா ரெண்டு வருசம்தான் இருந்தா. இரத்தத்தில வந்த புற்றுநோய், அஞ்சு மாசம். செத்தவீட்டில கொம்பனி ஆக்களுக்குப் பெரியப்பா தன்ர உடைஞ்ச இங்கிலிஷில இந்தக் கதையைச் சொன்னார். பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு எல்லாரும் சிரிச்சவை. சிரிச்சு முடிய அவர் போய் சுவர்ப் பக்கம் திரும்பி நிண்டார். கனநேரம் நிண்டார். நான் அவரின்ர முதுகில கைவைக்கப் போயிட்டு, வைக்காமல் வந்திட்டன்.

எனக்கு அவவிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரியேல்லை. ஆஸ்பத்திரியிலயும் பகிடிதான் விட்டனான். அதால உங்களிட்டக் கேக்கிறன். சேர்ச்சுக்குப் போறனியளோ, கோயிலுக்குப் போறனியளோ, ஒண்டுக்கும் போறேல்லையோ, எனக்கு அது பிரச்சினையில்லை. இதை வாசிச்சு முடிய ஒரு நிமிசம், என்ர அக்கா டிலானியின்ர ஆத்துமாவுக்காக எல்லாரும் ஒருக்கா மண்டாடுங்கோ.