செவ்வாழைத் தாரும் வாய்க்கால் சம்மதமும்

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைங்க. அன்னூர் பக்கம் போயி ரெண்டு ஊட்ல பத்திரிகை வெச்சுட்டு வரோணும். அவ்வளவுதான்.

கல்யாணப் பத்திரிகை இல்லீங்க. குளம் குட்டையெல்லாம் தூர்வாரி, பறவைக வந்து தங்கறாப்புல பண்ற அமைப்புல நான் வேலை பாக்கறேன். என் உத்தியோகம் 'பெருங்கொடையாளர் உறவு மேலாளர்'. விசிட்டிங் கார்டுல ரெண்டு வரிக்கு ஓடுது. எங்கம்மா மட்டும் யாரு கேட்டாலும் 'எம்பொண்ணு வசூலுக்குப் போறா'ன்னு சுருக்கமா முடிச்சுருவாங்க.

அன்னூர்ப் பக்கம் நாங்க சரி பண்ணுன குளத்துக்குக் கை குடுத்தவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவரு சென்னியப்பன் ஐயா, இளையவரு துரைசாமி அண்ணன். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். அவங்களுக்கு நன்றி சொல்லறதுக்குக் குளத்தங்கரையில சின்னதா ஒரு விழா. அதுக்குத்தான் பத்திரிகை.

உள்ளுக்குள்ள இன்னொரு காரியமும் இருந்துச்சு. குளத்துக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் பெரியவரு தோட்டத்து வழியா வருது. பூராவும் மண்ணு மூடிக் கெடக்குது. மழைக்கு முன்னாடி ஜேசிபி உள்ள எறங்கோணும்னா அவரு சரின்னு சொல்லோணும். சொல்லலீன்னா இந்த வருசம் குளத்துல தண்ணி நிக்காது. நாரையெல்லாம் வந்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிரும்.

எங்க டைரக்டர் மேடம் என்னைத் தனியா அனுப்பறது அதுதான் மொதத் தடவை. பெரியவரு மனசு கோணாம நடந்துக்கோ, அது போதும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க.

நான் என்ன பண்ணுனேன்? ஆர்.எஸ்.புரம் ஆபீஸ்ல உக்காந்து ரெண்டு ஊட்டையும் போன்ல மேப்புல போட்டேன். மொதல்ல தம்பி ஊடு, அப்பறம் அண்ணன் ஊடுன்னு மேப்பு காட்டுச்சு. பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம்னு என்னை நானே மெச்சிக்கிட்டு ஸ்கூட்டர எடுத்தேன்.

துரைசாமி அண்ணன் ஊட்ல அன்னைக்குச் சந்தவை, நம்ம இடியாப்பந்தான். சாப்புடாம அந்த ஊட்ல இருந்து எந்திரிக்க முடியுங்களா? அவரு ஊட்டு அக்கா தேங்காப்பால ஊத்த ஊத்த நான் போதும்னு சொல்லிட்டே இருந்தேன், தட்டு மட்டும் காலியே ஆகல. பத்திரிகைய வாங்கிட்டு அண்ணன் எதையோ கேக்க வாயெடுத்தாரு. அப்பறம் ஒண்ணும் கேக்கல. அப்பவாச்சும் நான் யோசிச்சிருக்கோணும்.

கெளம்பலாம்னு வெளிய வந்தா, ஸ்கூட்டர் முன்னாடி ஒரு செவ்வாழைத் தாரைக் கயிறு போட்டுக் கட்டிட்டு இருந்தாரு அண்ணன். பத்திரமாக் கொண்டுபோயிச் சேத்துருங்க அம்மணின்னாரு.

எனக்குத் தலைகால் புரியல. கொடையாளர் உறவுன்னா இப்படியில்ல இருக்கோணும்! ரோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள தாரைப் பங்கு போட்டு முடிச்சுட்டேன். மேல் சீப்பு மேடத்துக்கு, கீழ சின்னதா இருக்கறது ஆபீஸுக்கு, மிச்சமெல்லாம் எங்கூட்டுக்கு.

அந்நேரம் மேடம் போன் பண்ணுனாங்க. பெரியவரு என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. இனிமேத்தான் அங்க போறேன், சின்னவரு ஊட்ல முடிச்சுட்டேன்னு பெருமையாச் சொன்னேன்.



"ஏம்மா, அண்ணன் இருக்கறப்ப தம்பி ஊட்லயா மொதல்ல வெச்சே?"

அவ்வளவுதான். போன வெச்சுட்டாங்க. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

நான் ஒண்ணும் வெளியூர்க்காரி இல்ல. என் கல்யாணத்துக்கு எங்கப்பா மூத்தவங்க ஊட்ல இருந்து ஆரம்பிச்சு மொறைப்படி பத்திரிகை வெச்சாரு. கூடவே தட்டத்தத் தூக்கிட்டுப் போனவளே நாந்தான். ஒரு சித்தப்பா, வரிசை தப்பிருச்சுன்னு பந்தியில உக்காராமப் போனதையும் கண்ணால பாத்தவதான். மேப்புக்கு வயசு தெரியாதுங்க. எனக்குத் தெரியுமே, எனக்கெங்க போச்சு புத்தி?

சரி, எப்படியாச்சும் சமாளிச்சரலாம்னு நெனச்சேன். ஆனா ஸ்கூட்டர்ல செவ்வாழை! அந்தப் பக்கத்துல செவ்வாழை போட்டிருக்கறது சின்னவரு மட்டும்தான். இதைக் கட்டிக்கிட்டு உள்ள போறதும், தம்பி ஊட்ல இருந்துதான் வாரேன்னு மைக்ல சொல்றதும் ஒண்ணுதான்.

பெரியவரு ஊட்டு கேட்டுக்குப் பக்கத்துல ஒரு காஞ்ச சோளத்தட்டுப் போர் இருந்துச்சு. யாரும் பாக்கலைன்னு உறுதி பண்ணிட்டு, தாரை அவுத்து அதுக்குப் பின்னால வெச்சு, மேல சோளத்தட்டைப் போட்டு மூடிட்டேன். என் சாமர்த்தியத்தை நெனச்சு எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

சென்னியப்பன் ஐயாவும் அவரு ஊட்டம்மாவும் வாசலுக்கே வந்து கூப்புட்டாங்க. மொதக் கேள்வியே சாப்டீங்களான்னுதான்.

கெளம்பறப்பவே சாப்புட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. பொய் சொல்றதுலயும் எனக்குப் பயிற்சி பத்தலீங்க. "இன்னும் இல்லீங்க ஐயா, நேரா இங்கதான் வாரேன்"னு சொல்லிப்போட்டேன்.

அம்மா உள்ள போனாங்க. அரிசிம்பருப்பு சோறு வந்துச்சு. அது மேல நெய்யி. பக்கத்துல தயிரு. ஐயா எதுத்தாப்புல சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டு, கூச்சப்படாமச் சாப்புடுங்க, பசியோட வந்திருக்கீங்கன்னு ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிட்டே இருந்தாரு. ஏற்கனவே சந்தவை தொண்டை வரைக்கும் நிக்குது. கண்ணுல தண்ணி வந்துருச்சு. காரமான்னு அம்மா கேட்டாங்க. ருசிங்கம்மான்னேன்.

கடைசி வாயி உள்ள போனதும் வாய்க்கால் பேச்ச எடுத்தரலாம்னு இருந்தேன்.

அப்பத்தான் வாசல்ல ஒரு காங்கேயம் பசு வந்து நின்னுச்சு. கல்யாணப் பொண்ணாட்ட மெதுவா வந்துச்சுங்க. வாயில செவப்புத் தோலு. காம்பும் கயிறும் கடவாயில தொங்குது.

ஐயா மாட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"நம்ம தோட்டத்துல செவ்வாழை இல்லீங்களே அம்மணி."

வாயில சோத்தோட எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டேன். மேப்பு, சந்தவை, தட்டுப்போர், வாய்க்கால், ஜேசிபி, ஒண்ணு விடல. மன்னிச்சுக்கோங்க ஐயா, என் மேல இருக்கற கோவத்தைக் குளத்து மேல காட்டிப்போடாதீங்கன்னு சொல்றப்ப நெசமாவே அழுகை வந்துருச்சு.

அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டாங்க. சிரிக்கறாங்கன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.

"நீங்க கெளம்புனதுமே தம்பி போன் பண்ணிப்போட்டான் கண்ணு. புள்ள தெரியாம இங்க மொதல்ல வந்துருச்சு, மனசுல வெச்சுக்காதீங்கண்ணான்னான். வயிறு நெறையச் சாப்புட்டுட்டு வருதுன்னும் சொன்னான்."

"அப்பறம் ஏனுங்க ஐயா எனக்குச் சோறு போட்டீங்க?"

"சாப்புடலீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பசின்னு ஊடு தேடி வந்த ஒறம்பரைய அப்படியே அனுப்பறதுங்களா?"

நான் தட்டை மெதுவாத் தள்ளி வெச்சேன்.

"வருத்தமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்"னாரு. "மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க. அதுக்குத்தான் தம்பி என்னைச் சமாதானம் பண்ண ஒரு தாரு குடுத்து உட்டிருக்கறதாச் சொன்னான். அதைத்தான் அப்ப இருந்து எதிர்பாத்துட்டு இருக்கறேன்."

ரெண்டு பேரும் மாட்டைப் பாத்தோம். அது காம்பையும் முழுங்கிருச்சு.

பங்கு போட்டேனில்லீங்க? மேல் சீப்பு மேடத்துக்குன்னு? அது எனக்கு வந்த தாரே இல்லீங்க.

  ஐயா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"ஜேசிபி வரட்டுங்க. நாரைக என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா வேலை ஆரம்பிக்கற அன்னைக்கு நீங்க மொதல்ல இந்த ஊட்டுக்கு வரோணும். சாப்புடாம வரோணும்."

திரும்பி வர்ற வழியில ஒரு வேப்பமரத்தடியில வண்டிய நிறுத்திட்டு, மூச்சு விட எடம் கெடைக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

ஆபீஸ் ரிப்போர்ட்ல 'இந்தச் சந்திப்பில் முழுத் திருப்தி அடைந்தவர்'னு ஒரு கட்டம் இருக்குது. நல்லா யோசிச்சுப் பாத்துட்டு, பசுன்னு எழுதிட்டேன்.