இருபத்து மூன்று கிலோப் பெரும்போர்

வலியே, முதல் வணக்கம் உனக்கே! கழுத்தடியில் முளைத்து, தோளில் குடியேறி, விலா வரை வேர்விட்டு, வீரன் ஒருவனை விடிந்தது முதல் 'ஸ்ஸ்' என்று முனக வைத்துக்கொண்டிருக்கும் வலது தோள் வலியே, நீ வாழ்க! உன்னைச் சுமப்பவன் யார்? முப்பத்தோராண்டு கிடங்கு வாசலில் மூட்டை சுமந்த முதுகினன். ஏற்றிய லாரிகளை எண்ணினால் எண்ணுக்கே மூச்சிரைக்கும் பெருமையினன். ஒரு மூட்டையைத் தோளில் வாங்கிய கணமே அதன் எடையைக் கால் கிலோ பிசகாமல் உரைக்கும் உணர்வினன். அதனாலேயே கூலியாட்கள் கூட்டமெல்லாம் 'தராசு' என்று பெயரிட்டுக் கொண்டாடும் கோமகன். அவன் வருவது கண்டால் கிடங்கின் எடைமேடை முள் நாணித் தலைகுனியும் என்பர். முள் துருப்பிடித்ததால் அப்படி என்பாரும் உளர், அவர்கள் பொறாமைக்காரர்கள்.

அத்தகையோன், கடல் கடந்த நாட்டில் தலைப்பிள்ளைக்கு நாள் எண்ணியிருக்கும் மகளைக் காண, இல்லாளோடு விமானம் ஏறத் துணிந்தான். படை புறப்படுமுன் ஆலோசனை வேண்டாமா? வழங்க ஒருவர் இருந்தார்: இல்லாளின் அக்காள் கணவர். முன்னொரு காலத்தில் பதினொரு நாள் வெளிநாடு போய் மீண்டு, அன்று முதல் இன்று வரை அந்த விமானத்தை விட்டு இறங்காத சகலை. நாற்காலியில் சாய்ந்து, கண்மூடி, அவர் அருளினார்:

"பாஸ்போர்ட்ட உள் பாக்கெட்ல வை, சகல. பேனா ஒண்ணு வச்சுக்க. எறங்குற எடத்துல படிவம் குடுப்பாங்க, பேனா கேட்டா எல்லாரும் மேல பாப்பாங்க. எவனாவது 'இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்குங்க'ன்னு வந்தா, நீ செவிடு. டாக்ஸியில ஏறுறதுக்கு முன்னாடியே வாடகை பேசிடு. அப்புறம், அந்த மூட்டை இழுக்குற கொக்கியத் தூக்கிட்டுப் போயிறாத. உள்ள வச்சுருவாங்க. கொக்கியையும், ஒன்னையும்."

பின்பு குரலைத் தாழ்த்தி, மந்திரங்களுக்கெல்லாம் தலையாய மந்திரத்தை ஓதினார்: "மலிவு டிக்கெட்டு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பெட்டிதான். இருபத்து மூணு கிலோ. கூடினா, ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன் மூணு நாள் கூலியக் கறந்துருவான்."

வரம் கொடுத்த கையோடு வாளும் கொடுக்கும் தெய்வம்போல, தம் பெட்டியையும் உருட்டி வந்தார். நீலமணி நிறம், நான்கு சக்கரம், எண்பூட்டு, வெளிநாடு கண்டும் கீறல் காணாத மேனி. "இதே மாதிரி திரும்பி வரணும், சகல" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அதையே இன்னொரு தரம் கண்ணால் சொன்னாள்.

அப்பெட்டியுள் இல்லாள் அடுக்கியவை பல. அவற்றுள் தலையாயது, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காக அவள் சேர்த்த துணி மூட்டை. நைந்து மெத்தென்றான பருத்தித் துணிகளைத் தேடித் தேடிக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, ஓரம் மடித்துத் தைத்து, மகள் செய்தி சொன்ன நாள் முதல் சேர்த்த செல்வம் அது. "அந்த ஊர்ல துணியே விக்காதா?" என்று வீரன் ஒருமுறை கேட்டான். "விக்கும். அது கடைத்துணி" என்று அவள் சொன்ன குரலில், லாரிகளுக்கு அஞ்சாதவன் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தான்.

அடுத்த வீட்டு எடைக்கருவி வேண்டாம் என்றான் தராசு. தோள் இருக்கையில் கருவி எதற்கு? ஒரு பொருள் வைப்பான், பெட்டியைத் தூக்குவான். ஒரு பொருள் எடுப்பான், மறுபடி தூக்குவான். இவ்வாறு பதினேழு முறை. ஒவ்வொரு முறையும் பெட்டியின் மூலை ஒரே இடத்தில் குத்தியது. தொடக்கத்தில் நாம் வணங்கிய வலி பிறந்த கதை இதுவே. கடைசியில், தான் தோளில் போட்டுச் சுமக்கும் பழைய சாக்கை மடித்து அடியில் விரித்தான். அதில்லாமல் அவன் எங்கும் போனதில்லை. பெட்டிக்கு மேலே ஒரு முழுநீளக் கயிற்றைச் சுற்றிக் கட்டினான். பதினேழாம் முறை தூக்கி, கண்மூடி நின்று, முழங்கினான்: "இருபத்து மூணு. முள்ளு அசையாது."

விமான நிலையம் என்னும் போர்க்களம் புகுந்தனர். கூரை வானளாவியது, தரையில் முகம் தெரிந்தது, வரிசையோ மலைப்பாம்பு இரைவிழுங்கிக் கிடப்பதுபோல் நெளிந்து கிடந்தது. ஊர்ந்து ஊர்ந்து, கவுண்டரில் அமர்ந்திருந்த, கழுத்தில் கைக்குட்டை கட்டிய பெண்ணின் முன் வந்தான் வீரன். பெட்டி மேடையேறியது. சிவந்த எண்கள் கண்விழித்தன: இருபத்தேழு புள்ளி மூன்று.

"நாலு கிலோ கூட இருக்குங்க ஐயா."

முப்பத்தோராண்டுப் புகழ், காற்றில் வைத்த விளக்காய் ஆடியது. வீரன் பெட்டியை மேடையிலிருந்து பறித்தான், பதினெட்டாம் முறையாகத் தோளேற்றினான், கண்மூடினான், திறந்தான்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது, கண்ணு. மொத்தம் இருபத்தேழே காலுக்குக் கொஞ்சம் மேல. பெட்டி நாலே காலும் சில்லறையும். சரக்கு இருபத்து மூணு. நீ பெட்டிய இன்னும் கழிக்கல."

அப்பெண் விழித்தாள். "பெட்டிய எதுக்கு ஐயா கழிக்கணும்?"

"சாக்கக் கழிக்காம எவன் எடை போடுவான்? சரக்குக்குத்தானே எடை?"

ஐயகோ! கிடங்கில் பிறந்த நீதி வேறு, வானூர்தியில் வழங்கும் நீதி வேறு என்பதைச் சகலை சொல்லவில்லை. சாக்கின் எடையைக் கழித்தே உலகம் சுழல்கிறது என்று நம்பும் ஒருவன் உலகில் இருப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"பெட்டியோட சேத்துத்தான் எடைங்க. பணம் கட்டுங்க, இல்லன்னா நாலு கிலோவ எடுத்துடுங்க. உள்ள துணிமணி எதாவது இருந்தா, அத எடுத்தாலே சரியாப் போயிரும்."

பணத்தைக் கணக்கிட்டான் வீரன்: பதின்மூன்று நாள் மூட்டை. கை தானே பெட்டியின் கயிற்றுப் பக்கம் நகர்ந்தது. இல்லாள் வாய்திறந்தாள். "ஏங்க. அந்தத் துணியத் தொட்டீங்கன்னா நான் வரல. நீங்க மட்டும் போயி மகளப் பாத்துட்டு வாங்க." கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பான்.

வரிசையில் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் சீறினார். "பெரியவரே, இது மூட்டைக் கிடங்கு இல்ல. விமானம் உங்களுக்காக நிக்காது!"

கவுண்டர்ப் பெண்ணும் பொறுமையிழந்து ஒரு சொல்லம்பு எய்தாள்: "பெட்டிய அவ்வளவு கழிக்கணும்னா, இங்கயே கழிச்சு வச்சுட்டு சரக்க மட்டும் அனுப்புங்களேன்!"

கேலியாகத்தான் சொன்னாள். தராசு அதைக் கேலியாக வாங்கவில்லை.

மண்டியிட்டான். கயிற்றை அவிழ்த்தான். அடியில் கிடந்த சாக்கை உருவி ஓர் உதறு உதறினான்; முப்பத்தோராண்டுத் தூசி எழுந்து, கண்ணாடிக்காரர் மூன்று தும்மல் தும்மினார். துணி மூட்டை உள்ளே, மருந்துகள் உள்ளே, மகளின் கம்பளி உள்ளே. இடுக்கு பார்த்து இடித்து, மூலை பார்த்து அமுக்கி, லாரியேறும் மூட்டைக்குப் போடும் கழுத்து முடிச்சை அதே கயிற்றால் முறுக்கிப் பூட்டினான். இழுத்துப் பார்க்க வந்த மேலதிகாரி, தன் விரல்தான் சிவந்தது கண்டு தலையசைத்தார். பின்பு சாக்கு தோளேறியது. பெட்டி பதினெட்டு முறை குத்திய அதே இடத்தில், பழகிய குழந்தைபோல் அது பொருந்தி உட்கார்ந்தது. ஆகா, அக்கணம் வலி எங்கே போயிற்றென்று வலிக்கே தெரியாது! மேடையில் இறக்கினான். எண்கள் ஓடின, தடுமாறின, நின்றன.

இருபத்து மூன்று புள்ளி பூச்சியம்.

"சொன்னேன்ல?" என்றான் தராசு. அவ்வளவே அவன் வெற்றி முழக்கம். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், சீட்டு ஒட்டினாள்.

களத்தில் எஞ்சியது வெற்றுப் பெட்டி. கையில் கொண்டுபோகவோ அளவு பெரிது. அங்கே துடைப்பத்தோடு வந்தாள் தரை துடைக்கும் பெண். "ஐயா, அனாதையா விட்டுட்டுப் போகாதீங்க. போலீசு நாயோட வரும்."

"நீயே வச்சுக்க, தாயி."

"எனக்கா? சக்கரம் ஓடுமா?"

"நாலும் ஓடும். பூட்டுக்கு மூணு சைபர்."

அவள் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். அவர் போகச் சொல்லிக் கையசைத்தார். தன் தேரைத் தந்த வள்ளல்களைப் பாடியிருக்கிறார்கள். அடுத்தவன் தேரை இத்தனை அலட்சியமாய் எடுத்து நீட்டிய வள்ளலை இன்றுதான் உலகம் கண்டது.

ஆகவே கடல் கடப்போரே, கேளீர்! பேனா கொள்க, வாடகை பேசுக, அயலான் பைக்குச் செவிடாகுக, எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கும் எடையுண்டு என அறிக! பேரிரைச்சலிட்டு எழுந்தது வானூர்தி, மேகங்கள் வழிவிட்டன, மூட்டை சுமந்த முதுகு, முதன்முறையாக, தன்னையே இன்னொன்று சுமக்கச் சாய்ந்தது. அப்போது இல்லாள் மெல்லக் கேட்டாள்: "அத்தான்கிட்ட என்னங்க சொல்லப் போறீங்க?" எடைமேடைகளை வென்றவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சகலைக்கு ஒரு பெட்டி இன்னும் தரவேண்டியிருக்கிறது.