வெற்றிலையால் மூடிப் படித்த லக்னப் பத்திரிகை

என் கையெழுத்து கோழி கிளறியதைப் போல இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் என் மகளின் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

மகள் கவிதா திண்டிவனத்தில் தமிழ் ஆசிரியை. கடினமான பழைய பாட்டையும் நோட்ஸ் இல்லாமல் பிள்ளைகளே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஒவ்வொரு பாடத்தையும் முதலில் என்னிடம்தான் சோதிப்பாள். (“உனக்கே புரிஞ்சா என் பசங்களுக்கும் புரியும்ப்பா.” இதை வெகுநாள் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.) அவள் முறை இதுதான்: ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதை மூட வேண்டும். அதில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். புரியாவிட்டால் தலையாட்டாமல் கேட்க வேண்டும்.

நிச்சயதார்த்தம் விழுப்புரத்தில், வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காக லக்னப் பத்திரிகையை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே படிங்க சம்பந்தி.”

அத்தனை பேர் முன்னால் ஒளிந்துகொள்ளத் தூண்கூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மற்ற வரிகளை மூடினேன்.

“சுபயோக சுபதினம்னா என்னாங்க?”

ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். எனக்குப் புரியும்வரை அடுத்த வரிக்கு நகரவில்லை.

மைத்துனன் காதருகே சீறினான். “வெத்தலைய வச்சிக்கினு இன்னா மாமா பண்ற? ஜல்தியா படி!”

நாலாவது வரி: ‘இரு வீட்டாரும் மனமொப்பிச் சம்மதித்து.’

“இதுல வூட்டாருங்கதான் இருக்காங்க. பொண்ணு சம்மதம் எங்க இருக்குது?” என்று கேட்டே விட்டேன்.

சம்பந்தியின் முகம் சிவந்தது. “புடிக்கலன்னா நேரா சொல்லுங்க. எழுந்து போயிடறோம்!”

அப்போதுதான் உறைத்தது. அவளைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். வாக்குக் கொடுத்துவிட்டு, தேதியை மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

“நான் உன்ன கேக்கவே இல்லியேம்மா. உனக்குச் சம்மதமா?”

கவிதா எழுந்து நின்றாள். “சம்மதம்ப்பா. ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் இஸ்கூலுக்குப் போவேன். அதையும் அதுல எழுதணும்.”

மாப்பிள்ளை தன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்து எழுதினார். அவர் நிமிர்ந்தபோது மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிவரை இரண்டு வீட்டாரும் என்னை முறைத்தபடி காத்திருந்தார்கள்.

கல்யாணம் நடந்தது. கவிதா இன்றும் காலை பஸ்ஸில் திண்டிவனம் போகிறாள். சம்பந்தி வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக நேரம் சொல்கிறார்கள். “சம்பந்தி படிச்சு முடிக்கணும்ல?”

ஐப்பசி 14