கருகிய ஏழு இலைகள்

மட்டாஞ்சேரி,
18-7-2008

அன்புள்ள கமலாக்ஷிக்கு மாமா லக்ஷ்மிநாராயணன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் செடிகளும் சௌக்கியம். ஆனால் என்னிடம் இருப்பவை தப்பான செடிகள். ஹைதராபாத்தில் பயிற்சியில் இருப்பவளுக்கு இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருப்பது அதைவிடத் தப்பாகப் பட்டது.

கல்லூரியில் செடி வளர்க்கும் கூடம் மழையில் ஒழுகுகிறது என்று எண் எழுதிய நாற்பது மிளகுக்கொடித் தொட்டிகளை நம் முற்றத்தில் இறக்கினாய். வாட்டநோய்க் கிருமி சுரக்கும் புரதத்தை ஒவ்வொரு கொடியிலும் ஓர் இலையில் ஏற்றி நூல் கட்டினாய். கிருமி இல்லை மாமா, புரதம் மட்டும்தான் என்றாய். அதை அடையாளம் காணும் கொடியில்தான் நோயைத் தடுக்கும் ஜீன் இருக்கும், அதைக் கொண்டு புது ரகம் உண்டாக்கலாம், ஐந்தாம் நாள் பார்த்துப் பிரித்து வையுங்கள் என்றாய். எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லியிருப்பாய். புரிந்ததா என்று கேட்டாய். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை பூதக்கண்ணாடியும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுமாக உட்கார்ந்தேன். முப்பத்துமூன்று கொடிகளில் நூல் கட்டிய இலை பச்சைப்பசேலென்று இருந்தது. ஏழில் மட்டும் புரதம் ஏற்றிய இடம் கருகியிருந்தது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குச் சந்தேகம் வராத நாள் அது ஒன்றுதான். முப்பத்துமூன்றை நிழலில் பத்திரப்படுத்திவிட்டு, ஏழையும் வாசல் பெருக்க வரும் ஓமனாவிடம், சீக்குச் செடி, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். போன மழையில் அவளுடைய கொடிகளெல்லாம் வாட்டநோயில் போய்விட்டனவாம். பள்ளுருத்தியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கமுகு மரங்களில் இவற்றைப் படரவிட்டுவிட்டாள்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அஞ்சு, தாவரவியல் படிக்கிற பெண், என் நோட்டைப் பார்த்துவிட்டு விளக்கினாள். எதிரியைக் கண்டுகொண்ட செடி, அது பரவாமலிருக்க அந்த இடத்தை மட்டும் தானே கொன்றுவிடுமாம். ஆகவே கருகியதுதான் நல்ல செடி. பச்சையாக இருப்பவை வந்தது யாரென்றே தெரியாமல் சும்மா இருந்தவை. எனக்கு இது இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை. உன் மூன்று வருஷ உழைப்பு பள்ளுருத்தியில் இருக்கிறது என்பது மட்டும் பிடிபட்டது.

உடனே பஸ் ஏறிப் போனேன். ஓமனா சாயா கொடுத்தாள். விஷயத்தை இரண்டு தரம் சொன்னேன்.

“கேடு வந்த செடின்னு தந்தப்போ ஞான் வாங்கினேனில்லே சாரே? நல்லதுன்னு ஆனப்போ திருப்பிக் கேட்டா ஞாயமா?” என்றாள்.

அவள் புருஷன் ராஜப்பன், “சாரு கணக்கு வாத்தியாரு. ஏழும் முப்பத்திமூணும் மாறிப்போச்சு” என்று சிரித்தான். சாயா நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மாசக் கடைசியில் நீ வந்து நீயே அவளிடம் கேட்க வேண்டும். என்னைத் திட்டுவதானால் அதற்கு முன்பே திட்டிவிடு. பகவதி உனக்கு எல்லாக் க்ஷேமமும், உன் மாமாவுக்குக் கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
லக்ஷ்மிநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஓமனா வந்தாள். ஏழு கொடியிலிருந்தும் ஒவ்வொரு துண்டு கணுவோடு வெட்டி, தொட்டி எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். “கணு வெச்சா அதே கொடிதானே வரும். இதுகூட அறியில்லையா சாரே?” என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள். கிழித்துப் போட்டிருப்பேன், கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டது. தாய்க்கொடிகள் அவளிடமே இருக்கட்டும் என்று உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அது சரிதானா என்று மட்டும் எழுது.