டிக்கி சாரிடம் மாட்டிய என் தார்ப்பாய்

ஹைதராபாத்தில் என் மானத்தை வாங்கியவர்கள் பலர் உண்டு. ஆனால் அதை நடுரோட்டில் கடை பரப்பி ஊருக்கே காட்டியவர் உப்பலில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கும் டிக்கி சார் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்கும் சர்ச்சுக்கும் தெரிந்திருக்கலாம். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்; பேச்சின் நடுநடுவே ஹைதராபாத் உருது எட்டிப்பார்க்கும். ஹார்ன் அடிக்கவில்லை என்று போனாலும் முதலில் டிக்கியைத்தான் திறப்பார். ஏசி குளிரவில்லை என்றாலும் டிக்கிதான். வழி கேட்க நடந்து வந்த ஒருவரிடம், "தோள்பையைத் திறங்க" என்றாராம். நான் நம்புகிறேன்.

நான் கச்சிபௌலியில் ஒரு ஐடி மேடத்துக்கு டிரைவர். ரெண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். பட்டனை அமுக்கினால் துணிக்கூரை தானாக மடங்கி டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இவ்வளவு பணம் கொட்டி, தலைக்கு மேலே ஒன்றுமில்லாத காரை எதற்கு வாங்குகிறார்கள்? அந்தக் கார் வந்த நாளிலிருந்து நான் வானத்தைப் பார்க்காமல் சாப்பிட்டதில்லை.

அன்று மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"அண்ணா, சீட்டெல்லாம் ஒரே ஈர வாடை. கூரையைத் திறந்து கொஞ்சம் வெயில் காட்டிருங்க. சாயங்காலம் ஏர்போர்ட் வந்துருங்க."

திறந்தேன். அழகாக மடங்கியது. மத்தியானம் மேகம் கூடவே, மூடப் போனேன். அசையவில்லை. அமுக்க அமுக்க 'கீங் கீங்' என்று அழுகை. காரின் திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு அது மிரட்டல் கடிதம் மாதிரி தெரிந்தது.

எனக்கு முன்னால் இருந்த டிரைவர் சீட்டில் ஒரு கீறல் போட்டதற்கே வீட்டுக்குப் போனவர். நான் சீட்டையே மழையில் ஊறவைத்தால்? ஐம்பத்திரண்டு வயதில் என்னை நம்பி வேறு யார் சாவி கொடுப்பார்கள்?

கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தேன். காரைக் கண்ணால்கூடப் பார்க்காமல், "மோட்டார் போயிருக்கும், பத்து நாள் விட்டுட்டுப் போங்க" என்றார்கள். போனிலேயே நாடி பிடிக்கிற வைத்தியர்கள்! திறந்த தலையோடு உப்பலுக்கு விட்டேன். சிக்னலில் ஒரு பைக் பையன், "என்ன அங்கிள், ஹீரோ என்ட்ரியா?" என்றான். நான் வானத்தைப் பார்த்தேன்.

டிக்கி சார் உள்ளே உட்கார்ந்து, ஒருமுறை பட்டனை அமுக்கித் திரையைப் பார்த்தார். இறங்கினார்.

"டிக்கியைத் திற."

"சார், ரிப்பேர் கூரையில சார்!"

"ஹவ் மியா, ஆமாய்யா. டிக்கியைத் திற."

திறந்தேன். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தார். ரெண்டு குடை. டார்ச். கயிறு. தண்ணீர் கேன். எனக்கு ஒரு மாற்றுச் சட்டை. விபூதிப் பொட்டலம், பக்கத்திலேயே சர்ச் மெழுகுவர்த்தி. ஆபத்து எந்த ஏரியாவில் வருமோ, யார் கண்டது? டீக்கடைக் கூட்டம் பூராவும் சுற்றி நின்றது.

"இது காரா, பரலோகம் போற கப்பலா?" என்றார் டிக்கி சார்.

கடைசியாக வந்தது, மடித்துத் திணித்த நீலத் தார்ப்பாய்.

"இது கைக்கு? எதுக்கு?"

"மழை வந்தா சீட்டை மூட சார்."

"எப்ப வச்ச?"

"கூரையைத் திறந்த உடனே. ஒருவேளை அது திரும்ப மூடலைன்னா..."

அவர் டிக்கிக்குள் கையை விட்டு ஒரு தடுப்பைக் காட்டினார். மேலே கூரை, கீழே சாமான், நடுவில் அந்தத் தடுப்பு. தார்ப்பாய் அதை மேலே தூக்கிவிட்டிருந்தது. தடுப்பு தன் இடத்தில் இல்லை என்றால் கூரை நகராதாம். அவர் அதைக் கீழே அமுக்க, 'டக்' என்றது. பட்டனைத் தொட்டார். கூரை எழுந்து வந்து சமர்த்தாக மூடிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது.

"இதைத்தான் திரையில எழுதியிருக்கு. டிக்கித் தடுப்பைப் பாருன்னு."

எனக்கு வந்ததே கோபம்! "முதல்லயே படிச்சிட்டீங்களா? அப்புறம் எதுக்கு சார் என் சட்டையை எல்லாம் ரோட்டுல பரப்புனீங்க?"

"சொல்லியிருந்தா தார்ப்பாயை மட்டும் எடுத்துட்டு மத்ததைத் திணிச்சு வச்சிருப்ப. நாளைக்குத் தண்ணி கேன் தடுப்பைத் தூக்கும். நக்கோ, அதெல்லாம் வேணாம்."

அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன். சர்வீஸ்காரர்கள் அவருக்கும் மோட்டார் கதையைச் சொல்லிவிட்டார்களாம். "அண்ணா, என்னதான் பண்ணீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டிக்கி சார் போனைப் பிடுங்கினார்.

"மேடம், மோட்டாரெல்லாம் நல்லா இருக்கு. டிக்கியில ஒரு தடுப்பு நகர்ந்திருந்துச்சு, சரி பண்ணிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி படலை. உங்க டிரைவர் நேரத்துக்குக் கொண்டாந்தாரு. இப்படிப் பயப்படுற ஆளு கிடைக்க மாட்டான், விட்றாதீங்க."

போனைத் திருப்பித் தந்தார். தார்ப்பாயைத் தரவில்லை. "இது உன்கிட்ட இருந்தா ஆபத்து" என்று கடை வாசலுக்கு மேலே கட்டிக்கொண்டார். அநியாயம் இல்லையா இது? என் சொந்தக் காசில் வாங்கியது!

அதைத் திருப்பிக் கேட்பதற்காகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்காஜ்கிரியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் உப்பல் போகிறேன். அவர் முதல் காரியமாக என் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து திட்டுவார். பிறகு அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து ரெண்டு பேரும் டீ குடிப்போம். இன்னும் நான் கேட்கவில்லை.