ஒரு துண்டு விட்டுப்போன நகல்

பிழை பிடிப்பவர் என்றொரு மனித இனம் உண்டு. அலுவலகங்கள் மலிந்த திருவனந்தபுரத்தில் அது நன்றாகவே செழிக்கிறது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், வாழ்த்துவதற்கு முன் தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இனம்.

முழு வளர்ச்சி பெற்ற மாதிரி வேண்டுமா? பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் பத்திரங்களை நகலெடுத்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணியைப் பாருங்கள். அவர் எடுத்த நகலில் ஒரு புள்ளி விட்டுப்போனதில்லை. அவரே சொல்வார். கேட்காமலே சொல்வார். அறுபத்தெட்டு வருடம் அவரோடு ஒரே சட்டைக்குள் குடியிருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஒரே மகன் சிபிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தையில்லை. பிழை எங்கே என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மருமகள் ஆதிரா பெயரில் ஃபைல் திறந்தார். ஸ்கேன் எட்டு, ரத்தப் பரிசோதனை பதினேழு, வயிற்றில் துளையிட்டுப் பார்த்தது ஒன்று. இரண்டாவது துளைக்கும் தேதி குறித்தாயிற்று. மகன் பெயரில்? ஒரு தாளும் இல்லை.

"இனி நான் கத்திக்குப் படுக்கமாட்டேன், மாமா," என்றாள் ஆதிரா. "முதல்ல சிபியைப் பாக்கட்டு."

"எங்க வம்சத்துல ஆம்பிளைக்குக் குறை கிடையாது மக்ளே. வேணும்னா என் ரத்தத்தையும் சேத்து எடுக்கட்டு."

எடுத்தார்கள்.

டாக்டர் விஜயலக்ஷ்மி பொறுமையாக விளக்கினார். சிபிக்கு விந்தணுவே உருவாகவில்லை. அதற்கு வேண்டிய மரபணு, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருக்க வேண்டியது, அவனிடம் இல்லை.

"அப்போ எனக்கும் இல்லியா, டாக்டரே?"

"உண்டு சாரே. உங்ககிட்ட முழுசா உண்டு. மகனுக்குப் போன நகல்லதான் அந்தத் துண்டு விட்டுப்போச்சு. ஆரும் அறிஞ்சு செய்யற தப்பில்ல."

முப்பத்தோரு வருடம் ஊரார் சொத்துக்கு ஒரு புள்ளி பிசகாத மனிதர், சொந்தமாக எடுத்த ஒரே நகலில் கோட்டைவிட்டிருந்தார்.

"ஆறு வருசமா அந்தப் பிள்ளை வயித்துல தேடினியளே," என்றாள் அவர் மனைவி சுசீலாபாய். "கிட்டிச்சா?"

ஆதிரா, அவர் பிழை திருத்தும் சிவப்புப் பென்சிலைக் கூராகச் சீவி, ஃபைலின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அறுவைக்குக் குறித்த தேதியை அவர் அடித்தார். பிறகு அட்டையில் இருந்த அவள் பெயரையும் அடித்து, தம் பெயரை எழுதினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஸ்கேன் எட்டா, ஒன்பதா என்று மேலே போய்ச் சரிபார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு ஃபைல் இருக்கும். அட்டையில் யார் பெயர் என்று பாருங்கள்.